கச்சான் மேல் பழி

வேதாளை நண்டுக் கொட்டகையில்
சதை உரிப்பவர்கள் ஐந்து பேர்.
எங்களுக்கு நெட் ஒன்று.

சீட்டு மாதிரிதான் ஏற்பாடு.
இருபத்தெட்டு நாளுக்கு ஒருத்தி ரீசார்ஜ் போடுவாள்,
மற்ற நாலு பேரும் அவள் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொள்வோம்.
ஏலம் கிடையாது, கழிவு கிடையாது.
முறைக்காரியின் போன்
தராசுக்கு மேலே ஆணியில்
பிளாஸ்டிக் பைக்குள் தொங்கும்.
மேஸ்திரி மூன்று தடவை பாஸ்வேர்டு கேட்டார்.
ஐந்துக்கு மேல் ஏறாதண்ணே என்றோம்.
நாலுதான் ஏறியிருந்தது.

ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி.
பதினொரு மணி வரைக்கும் யாரும் படம் பார்ப்பதில்லை.
நாகவள்ளிக்குக் குழுக்கடன் தவணை, அது சில்லறைச் செலவு.
பிலோமிக்குத் தம்பி படகு போகும் பக்கம்
காற்று என்ன நிறத்தில் இருக்கிறது என்று தெரியவேண்டும்.
ஒன்றரைக்கு மர்ஜானுடைய நேரம்,
மஸ்கட்டில் அவள் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டோடு உட்காருகிற நேரம்.
அந்தக் கால் மணி
எங்கள் போன்களெல்லாம்
கரையேற்றிய வத்தைகளாய்க் குப்புறக் கிடக்கும்.

முனியாயிக்கு மட்டும் நேரம் இல்லை.
இன்ஜின் பிரிக்கிற வீடியோவாகப் பார்ப்பாள்.
அப்பன் மண்டபத்தில் மெக்கானிக்காக இருந்தவன்.
சத்தத்தைக் கேட்டே
எந்த வளையம் தேய்ந்திருக்கிறது என்பாள்.

என் முறை நடந்த ஆனி மாதம்
பன்னிரண்டு மணிக்கே தொண்ணூறு சதவீதம் தீர்ந்தது.
மறுநாளும் அப்படி.
யார் ஏறியிருக்கிறார்கள் என்று என் போன் காட்டும்,
யார் எவ்வளவு தின்றார்கள் என்று காட்டாது.
மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை.
கையைத் துடைத்துக்கொண்டு
தராசைச் சரிபார்க்கிற மாதிரி போய்
முனியாயி பெயரை அமுக்கினேன்.
முடக்கவா என்றது.
முடக்கு என்றேன்.

அன்றைக்கு அவள் புருஷன் தொண்டியில் நின்றிருக்கிறான்,
பழைய இன்ஜின் ஒன்றின் முன்னால்.
பிரித்துப் போட்ட படம் நாலு அனுப்பிவிட்டு,
ரெண்டு மணிக்குள்ள சொல்லு புள்ள,
வேற ஆள் நிக்கிறான் என்று
போனிலும் சொன்னான்.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது அவள் திரையில்.
ஓடு குத்திய விரலால் அணைத்துப் போட்டாள்,
ரோட்டுக்கு ஓடினாள்,
உடைமரத்தடியில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.
திரும்பி வரும்போது மணி ரெண்டு பத்து.
கோட்டைப்பட்டினத்துக்காரன் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

பாழாப்போன கச்சான், என்றாள்.
இந்தக் காத்து அடிச்சா டவரு நிக்குமா?
யாரும் பதில் சொல்லவில்லை.
நான் ஒரு கொடுக்கை உடைத்தேன்.

ராத்திரி வீட்டில்
மகன் எதையோ தேடப்போய்க் கண்டுபிடித்தான்.
ஏம்மா, போனு தானாவே
எல்லாப் படத்தையும் மேல ஏத்திக்கிட்டு இருக்கு,
நீ பாக்கலியா?
கொடை எடுத்த படங்கள், மழையில் நனைந்த ரேஷன் கார்டு,
ஒரே ஆட்டுக்குட்டி முப்பத்தேழு தடவை.
ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி
என் பைக்குள்ளேயே போயிருக்கிறது.

காலையில் முடக்கத்தை எடுத்தேன்.
வாயைத் திறக்க வேண்டும் என்றுதான் போனேன்.
ஐஸ் வண்டி வந்துவிட்டது.

அடுத்த முறை அவளுடையது.
கைதவறி என் நம்பருக்கே போட்டுட்டேன்க்கா,
இந்தத் தடவையும் எம்போனே ஆணியில கெடக்கட்டும் என்றேன்.
முந்தியில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள்.
முந்நூற்றுச் சொச்சம், உப்பு ஈரத்தோடு.
சீட்டுன்னா சீட்டுடி, புடி.
பிடித்துக்கொண்டேன்.

பதினொன்றுக்கு அவள் திரையில்
யாரோ ஒருவன் கார்புரேட்டரைக் கழற்றினான்,
ஓர் இடத்திலும் நிற்காமல்.
இன்னைக்கு நல்லா இழுக்குதுடி,
காத்து விட்டிருச்சு போல.

கொட்டகைக்கு வெளியே
பனையோலைகள் எல்லாம் கிழக்கே பார்த்துக் கிழிந்துகொண்டிருந்தன.
ஆமாக்கா, என்றேன்,
விட்டிருச்சு.